கோதையின் குதிகால்

காலை ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் தலைக்கு மேலே கோதை எழுந்திருப்பாள். அவள் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது மாடி. புனே விஷ்ராந்த்வாடியில் எங்கள் சொஸைட்டிக் குடியிருப்பைக் கட்டி முப்பது வருஷம் ஆகிறது. கட்டினவன் சிமென்ட்டை மிச்சம் பிடித்துவிட்டான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மேலே ஒரு கரண்டி விழுந்தால் கீழே எனக்குத் தூக்கம் போய்விடும். டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்த காது இது. வேண்டாததெல்லாம் நன்றாகவே கேட்கும்.

ஐந்து மணிக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும். ஐந்தே முக்காலுக்கு நின்றுவிடும். அதற்குள் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்தாக வேண்டும். ஆகவே கோதை எழுந்தால் நேராகச் சமையலறைக்குத்தான் போவாள். டக் டக்கென்று கணக்கு டீச்சர் நடை. அதையே அலாரமாக வைத்துக்கொண்டு நானும் எழுந்துவிடுவேன்.

இந்த ஜூனில் அந்த நடை மாறிப்போயிற்று. கட்டில் முனகும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அப்புறம் விரல் நுனியை ஊன்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்கிற ஒரு தேய்ப்புச் சத்தம். நான் படுத்தபடியே எண்ணுவேன். பத்து அடி அப்படிப் போகும். பதினோராவது அடியில்தான் குதிகால் தரையில் விழும், தொப்பென்று. அதற்குள் அவள் சமையலறை வாசலுக்குப் போயிருப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அவளை மாடிப்படியில் பிடித்துக்கொண்டேன். வெளியே புனே மழை, பெரிதாகவும் பெய்யாமல் நிற்கவும் நிற்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் ஈரக் குடை, தோளில் பரீட்சைப் பேப்பர் மூட்டை, இன்னொரு கையால் கைப்பிடியைத் தொற்றிக்கொண்டு வந்தாள்.

"காலை என்னடி பண்ணிண்டே?"

"ஒண்ணுமில்லே மாமி. கார்த்தால எழுந்து ஊன்றபோது குதிகால்ல ஆணி அடிச்சாப்ல இருக்கு. நடக்க நடக்கச் சரியாயிடறது."

"சரியாயிட்ட காலா இது?"

"ஏழு பீரியட் நின்னுட்டு வந்தா மறுபடி ஆரம்பிச்சுடறது. விடுங்கோ. அம்பத்தோரு வயசாறதோன்னோ."

"எனக்கு அறுபத்தாறு. நான் இப்படித் தொங்கிண்டா ஏறறேன்?"

"நீங்க உக்காந்து வேலை பார்த்தேள் மாமி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சொன்னது நிஜம்தான், இருந்தாலும் சுருக்கென்றது.

ஆலந்தி ரோடிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் கோதை பத்தொன்பது வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், அத்தனையும் பத்தாம் வகுப்பு. அந்த ஸ்கூலில் வகுப்புக்குள் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவில் எல்லா நாற்காலியையும் எடுத்து ஹாலில் அடுக்கிவிட்டார்கள். டீச்சர் உட்கார்ந்தால் பாடமும் உட்கார்ந்துவிடும் என்று மீட்டிங்கில் சொன்னார்களாம். கோதை அப்போது கைதட்டினவள். உட்கார்ந்து பாடம் நடத்துகிறவர்களைக் கண்டால் அவளுக்கே ஆகாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அத்தனை பிள்ளைகள் பேடா வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு நாளுக்காக அவள் மீதி நாளெல்லாம் நிற்பாள்.

நான் தொணதொணத்த பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனாள். கூட நானும் போனேன். டாக்டர் கட்டை விரலால் குதிகாலின் உள் ஓரத்தை ஒரு அழுத்து அழுத்தினார். கோதைக்கு மூச்சு நின்றுவிட்டது. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் ஓடுகிற பட்டை ஒன்று உண்டாம், அது புண்பட்டிருக்கிறதாம். ராத்திரியெல்லாம் சுருங்கிக் கிடக்கும், காலையில் முதல் அடி வைத்ததும் வெடுக்கென்று இழுபடும், அதுதான் அந்த ஆணி.

"ஆபரேஷனெல்லாம் வேண்டாம், பொறுமைதான் வேணும்" என்றார் அவர் ஹிந்தியில். "கட்டிலை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டை விரலுக்கு அடியிலே போட்டு உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. முப்பது எண்ணுங்க. பத்துத் தடவை. அப்புறம் இறங்குங்க. சாயங்காலம் தண்ணி பாட்டிலை ஃப்ரீஸர்லே வச்சு உறைஞ்சதும் அதைக் காலால உருட்டுங்க. வீட்டிலேயும் வெறுங்காலோட நடக்காதீங்க. முக்கியமா, ரொம்ப நேரம் நிக்கக்கூடாது."

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார், வகுப்பில் உட்கார அனுமதிக்கவும் என்று. கோதை அதை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அது ஃப்ரிட்ஜ் மேலே மராட்டிக் காலண்டருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"குடுத்துடுடி."

"குடுக்க மாட்டேன் மாமி. அச்சுதன் சார் கதி தெரியுமோன்னோ?"

அச்சுதன் சார் அங்கே இங்கிலீஷ் வாத்தியார். போன வருஷம் முதுகுவலிக்கு இப்படித்தான் ஒரு கடிதம் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமையே அவரை லைப்ரரிக்கு மாற்றிவிட்டார்கள், மரியாதையாக, பூங்கொத்து கொடுத்து. இன்றைக்கும் புஸ்தக முதுகில் நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"பத்தாங்கிளாஸை எடுத்துண்டுட்டா என்கிட்ட வேறென்ன இருக்கு?" என்றாள். 

துண்டை இழுக்கிற வைத்தியமும் நாலு நாள்தான். பத்துத் தடவை, முப்பது முப்பது எண்ணி, இரண்டு காலுக்கும் பண்ணினால் பத்து நிமிஷம் ஆகிவிடும். ஐந்தரை வரைக்கும்தான் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வேகமாக ஏறும். ஐந்தாவது நாளே பழைய தேய்ப்புச் சத்தம் கேட்டது. வாங்கின ரப்பர் செருப்பு சமையலறை வாசலோடு நின்றுவிட்டது. சுவாமி அலமாரி அங்கேதானே இருக்கிறது, செருப்போடு எப்படி உள்ளே போவாள்? ஒரு நாளில் நாற்பது தடவை கழற்றி நாற்பது தடவை மாட்ட யாரால் முடியும்? கழற்றினது கழற்றினபடி கிடந்தது.

அவள் அகத்துக்காரர் சந்தானம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கலாம். டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் ரிடையர் ஆகி இரண்டு வருஷம். தண்ணீர் பிடிக்க மாட்டார், பால் வைக்க மாட்டார். ஆனால் அவரைப்போல் கவலைப்படுகிற புருஷன் கிடைக்க மாட்டான். 'குதிகால்' என்று மேலே எழுதி ஒரு ஃபைலே போட்டுவிட்டார். பேப்பரில் வந்தது, வாட்ஸப்பில் வந்தது, பெங்களூரிலிருந்து பெண் சுப்ரஜா அனுப்பினது எல்லாம் தேதிவாரியாக அதில் இருந்தது.

ஆவணி பிறக்கிற சமயம், ஒரு சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டினார். கழுத்தில் துண்டு, கையில் இலைமாலை இரண்டு.

"மாமி, கிடைச்சுடுத்து!"

"என்ன இது?"

"எருக்கிலை! எங்கம்மா மன்னார்குடியில செங்கல்லைச் சுட வச்சு, அது மேல எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வச்சுப்பா. மூணே நாள்ல ஓடிடும். இங்க எருக்குக்கு எங்க போறதுன்னு ஒரு மாசமா அலையறேன். ஏர்போர்ட் ரோட் வரைக்கும் நடந்து பார்த்துட்டேன். இன்னிக்கிப் பாருங்கோ, மாருதி கோயில் வாசல்ல மாலை மாலையாத் தொங்கறது. இவா ருயீங்கறா. எருக்குதான், கிள்ளினா பால் வரது."

"அது சுவாமிக்குப் போடற மாலைன்னா?"

"நான் சுவாமிக்குப் போடலியே. நேரா ஆத்துக்குத்தானே கொண்டுவரேன். பூக்காரி சுவாமிக்குன்னு நினைச்சுண்டு எள்ளெண்ணெய், உளுந்து, உப்பு எல்லாம் சேத்துக் குடுத்தா. வேண்டாம்னேன், கேக்கலை."

அவர் படியேறும்போது மேல்வீட்டு ஷிந்தே காக்கு எதிரில் வந்தாள். கோதை வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது, காக்கு என்றால் மராட்டியில் மாமி. மாலையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மதராஸிக்காரர் கடைசியில் மாருதியிடம் வந்துவிட்டார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சந்தானமும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார். விளக்கம் சொல்ல அவருக்கு மராட்டி போதாது.

நடந்ததைக் கோதை அப்புறம் சொன்னாள். அன்று மத்தியானம் சந்தானம் கேஸ் அடுப்பில் செங்கல்லைச் சுட வைத்து, மேலே ஐந்தாறு இலையைப் பரப்பி, சோபாவுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். கோதை மடியில் யூனிட் டெஸ்ட் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜியாமெட்ரி, அறுபத்திரண்டு பேப்பர். காலை வைத்ததும் இதமாக இருந்திருக்கிறது. அழுத்தினாள். இன்னும் இதமாக இருந்தது. எவனோ ஒரு பையன் வட்டத்துக்குத் தொடுகோடு வரைகிற கணக்கில் புதுசாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தானாம், தப்பு எங்கே என்று தேடிக்கொண்டே இருந்துவிட்டாள். இலை வதங்கிச் சுருண்டு விலகிப்போய், வெறும் செங்கல்லில் கால் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் நின்று நின்று மரத்துப்போன தோல் அது, சூட்டை அவளுக்கு அது சொல்லவே இல்லை.

"ஏதோ தீயற வாசனை வரது பாருங்கோ" என்று அவரிடம் அவளேதான் சொன்னாளாம்.

சத்தம் கேட்டு நான் மேலே ஓடினபோது குதிகாலில் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம். சந்தானம் பக்கெட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கதவு திறந்திருந்ததால் காக்குவும் வந்துவிட்டாள். தரையில் சுருண்டு கிடந்த இலையைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.  மாருதிக்குப் போகவேண்டிய மாலை காலுக்குக் கீழே கிடக்கிறது. 

சந்தானம்தான் உடைந்துபோனார். "தப்புப் பண்ணிட்டேன் காக்கு. மாஃப் கரோ. சுவாமி தண்டிச்சுட்டார்" என்று தமிழிலும் ஹிந்தியிலுமாகக் கையைக் கூப்பினார்.

காக்கு மராட்டியும் ஹிந்தியும் கலந்து சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "மாருதியா தண்டிச்சார்? லட்சுமணனுக்கு மருந்து வேணும்னதும் எந்த இலைன்னு தெரியாம மலையையே தூக்கிண்டு வந்தவராச்சே. மருந்துக்கு நாலு இலை எடுத்தா அவருக்குக் கோபம் வருமா? சுட்டது செங்கல். வச்சது நீ." குனிந்து கோதையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "டீச்சர், டாக்டர் என்ன சொன்னார்?"

 நான் முந்திக்கொண்டு சொன்னேன், துண்டு, பாட்டில், செருப்பு, நிற்கக்கூடாது, எல்லாவற்றையும். காக்கு கேட்டுக்கொண்டே சந்தானத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம் இவ கட்டில்ல இருந்தா இந்த வீட்டுக் குழாயைத் திறக்க ஆள் கிடையாதா?" என்று கேட்டாள்.

சந்தானம் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கோதை லீவு போடவில்லை. கட்டுப் போட்ட காலில் ஷூ நுழையவில்லை, சந்தானத்தின் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்த கடிதம் பையில் இருந்தது. "சும்மா இருக்கட்டும்னு வச்சிருக்கேன் மாமி. குடுக்கறதுக்கில்லே" என்றாள். ரிக்‌ஷாக்காரர் இஸ்மாயில் கீழே இறங்கி வந்து பேப்பர் மூட்டையை வாங்கிக்கொண்டார். தினம் வருகிறவர்தான், அன்றைக்குத்தான் இறங்கினார்.

மூன்றாவது பீரியட் வரைக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். அதற்கப்புறம் முடியவில்லை. முதல் பெஞ்சில் இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராகப் போர்டுக்கு அனுப்பிக் கணக்கைப் போடச் சொன்னாள். வகுப்பில் சத்தமே இல்லையாம். அந்தத் தொடுகோட்டுப் பையன் தன் தப்பைத் தானே கண்டுபிடித்து அழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பன்னிரண்டு நிமிஷம். அப்புறம் பியூன் வந்து பிரின்சிபல் மேடம் கூப்பிடுவதாகச் சொன்னான். காமிராவில் பார்த்திருக்கிறார்கள்.

மேடம் கோபிக்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார், ஆபீஸில் இருந்த நாற்காலியைத் தானே நகர்த்திப் போட்டார். "ஏன் முன்னாடியே சொல்லலே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கோதைக்கு என்னவோ ஆகிவிட்டது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். கணபதி லீவு முடிந்ததும் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் கீழ்த்தளம், இரண்டு வகுப்பிலும் நாற்காலி போட்டுவிடுகிறோம் என்றார் மேடம். பத்தாம் வகுப்பு மாதவ் சாருக்கு. இருபத்தெட்டு வயசுப் பையன், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறவன்.

"அவா பேர்ல தப்புச் சொல்ல ஒண்ணுமே இல்லே மாமி. ரொம்ப மரியாதையாத்தான் பேசினா" என்றாள் கோதை. அது எனக்கும் புரிந்தது. சண்டை போடவாவது ஆள் இருந்திருக்கலாம்.

கணபதி வந்தார், பத்து நாள் தெருவெல்லாம் மோளம் அடித்தது, போனார். கொப்புளம் ஆறித் தோல் உரிந்தது. உள்ளே இருக்கிற வலி அப்படியேதான் இருந்தது. மாதவ் சார் ஒருநாள் வீட்டுக்கு வந்து அவளுடைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் போனான். பத்தொன்பது நோட்டு, வருஷத்துக்கு ஒன்று. அவன் குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது வலிக்கிற காலை இழுத்துக்கொண்டாளாம்.

ஸ்கூல் திறந்த அன்று சாயங்காலம் அவள் மூன்றாவது மாடிக்குப் போகவில்லை. என் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாற்காலி போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா. புதுசு. குஷன் வச்சது."

"உக்காந்தியா?"

"முதல் பீரியட் அதைப் பிடிச்சிண்டு நின்னேன். பழக்கம். ரெண்டாவதுல உக்காந்தேன்."

"எப்படி இருந்துது?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நன்னா இருந்துது மாமி" என்றாள். சொன்னதும் வாய் கோணி அழ ஆரம்பித்துவிட்டாள். இருபது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"பத்தாங்கிளாஸ் போனதுக்கா அழறே? அடுத்த வருஷம் கேட்டு வாங்கிக்கலாம்டி."

"அதுக்கில்லே. உக்காந்ததும் அப்படியே உடம்பெல்லாம் இறங்கித்து மாமி. முட்டி, இடுப்பு, தோள், எல்லாம். இத்தனை நாள் இது இல்லாம இருந்தேன்கறதே எனக்குத் தெரியலை. யாருக்காக நின்னேன்? அன்னிக்கு நாற்காலியை எடுத்தபோது நான்தான் முதல்ல கைதட்டினேன். அச்சுதன் சார் எத்தனை நாள் சுவத்துல சாஞ்சிண்டு நின்னிருக்கார். பார்த்துண்டுதானே போனேன்."

"நீ என்ன பண்ணியிருப்பே?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். வலிக்கறதான்னாவது கேட்டிருக்கலாம்."

 ஜூன் மாசத்திலிருந்து கீழே படுத்துக்கொண்டு அவள் அடிகளை எண்ணினவள் நான். ஒருநாள், ஒரே ஒருநாள், ஐந்து மணிக்கு மேலே போய் அந்தக் குழாயைத் திறந்துவிட்டிருக்கலாம். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லையே. அதை அவளிடம் சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் உக்காருங்கோ மாமி, எவ்வளவு நேரமா நிக்கறேள்" என்றாள். அப்போதுதான் நான் நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஐந்தடிக்க ஐந்து நிமிஷம். மேலே கனமான கால் ஒன்று இறங்கி நடந்தது, அது அவள் கால் அல்ல. குடம் உருண்டது. குழாய் சீறியது. கட்டில் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. துண்டை இழுத்துப் பிடித்து முப்பது எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் கூடவே எண்ணினேன், பத்துத் தடவை, இரண்டு காலுக்கும். அப்புறம் கட்டில் முனகிற்று. கட்டிலடிச் செருப்பு சரசரத்தது. சமையலறைக்கென்று காக்கு இன்னொரு ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தாள். அது சமையலறையைத் தாண்டி வெளியே வராது, ஆகவே அது செருப்பில் சேர்த்தியில்லை என்று சந்தானமே தீர்ப்புச் சொல்லி, கட்டிலடியில் ஒரு ஜோடி, உள்ளே ஒரு ஜோடி என்று வைத்திருந்தார்.  

ஒன்று, இரண்டு, மூன்று. விரல் நுனிதான். நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது அடியில் குதிகால் தரையில் இறங்கிற்று, மெதுவாக. மேலே சந்தானம் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு, காபிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.